வாசிப்பில் முன்னறிவின் இடம்

ஒரு பனுவலைப் படிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் பின்னோக்கிப் போய் வருகிறார். அதே பனுவலில் சற்று முன்பு படித்தது ஒரு பக்கம். அதைக் கையில் எடுக்கும் முன்பே தெரிந்திருந்தது இன்னொரு பக்கம். இவ்விரண்டிலிருந்தும் எடுத்துச் சேர்க்காமல் எந்த வாக்கியமும் முழுப்பொருள் தருவதில்லை. "குமரன் கடைக்குப் போனான். பணப்பை வீட்டிலேயே இருந்தது. வெறுங்கையோடு திரும்பினான்" என்ற மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்ளலாம். பணப்பை யாருடையது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மூன்றாம் வாக்கியத்தில் எழுவாயே இல்லை. எதையும் வாங்க முடியாமல் போனது என்ற செய்தியும் இல்லை. ஆனாலும் படிப்பவர் எங்கும் இடறுவதில்லை. விடுபட்ட எழுவாயை 'ஆன்' விகுதி முதல் வாக்கியத்திலிருந்து மீட்டுத் தருகிறது. பணப்பைக்குக் குமரனை உரியவனாக்குவதும், பணமில்லாமல் கடையில் ஒன்றும் கிடைக்காது என்று நிரப்பிக்கொள்வதும் உலகறிவின் வேலை.

எது பழைய செய்தி, எது புதிய செய்தி என்பதைத் தமிழ் வாக்கியம் தன் உறுப்புகளிலேயே குறித்துக் காட்டுகிறது. 'மீனா புத்தகம் வாங்கினாள்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'மீனா புத்தகத்தை வாங்கினாள்' என்றால் முன்பே பேச்சில் வந்த புத்தகம். அது எது என்று தேடிப்பார்க்கும்படி இரண்டாம் வேற்றுமை உருபு சொல்கிறது. 'ஒரு கிழவர்' அப்போதுதான் வருகிறார்; 'அந்தக் கிழவர்' முன்பே வந்துவிட்டவர். 'நேற்று வாங்கிய புத்தகம் தொலைந்துவிட்டது' என்பதில் வாங்கிய செய்தி பெயரெச்சத்துக்குள் அடங்கி, தெரிந்த ஒன்றாகப் பின்னால் நின்றுவிடுகிறது. தொலைந்த செய்திதான் வினைமுற்றாக முன்னுக்கு வருகிறது. 'மீனாவும் வந்தாள்' என்ற உம்மை இன்னொருவர் வந்ததை உட்கொண்டிருக்கிறது. அந்த இன்னொருவர் முன்பே சொல்லப்பட்டவரா, இனிமேல் சொல்லப்பட இருப்பவரா என்று பிரித்து, இறந்தது தழுவிய எச்சவும்மை, எதிரது தழுவிய எச்சவும்மை என்று உரையாசிரியர்கள் இரு பெயர் வைத்தார்கள். பள்ளி இலக்கணத்தில் மனப்பாடமாக மட்டும் கடந்துபோகும் இந்தப் பாகுபாடு, உண்மையில் வாசகரின் மனம் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைப் பற்றியது.

தேடுவதற்கு நேரம் பிடிக்கிறது என்பதை அளந்து காட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான சூசன் ஹாவிலண்டும் ஹெர்பர்ட் கிளார்க்கும். 1974-இல் வெளியான அவர்களின் ஆய்வில் வாசகர்கள் இரண்டிரண்டு வாக்கியங்களைப் படித்து, இரண்டாவது புரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினர். எடுத்துக்காட்டாக, ஒரு சோடியின் இரண்டாம் வாக்கியம் 'பீர் சூடாக இருந்தது'. காரின் பின்பெட்டியிலிருந்து பீரை எடுத்ததாக முதல் வாக்கியம் சொல்லியிருப்பது போன்ற சோடிகளில் சராசரியாக 835 மில்லிவிநாடியில் புரிந்தது. சிற்றுலாவுக்கான சாமான்களைச் சரிபார்த்ததாக மட்டும் சொல்லியிருப்பது போன்றவற்றில் 1016 மில்லிவிநாடி ஆனது. சாமான்களுக்குள் பீரும் இருந்திருக்கும் என்ற பாலத்தை வாசகரே கட்ட வேண்டியிருந்தது. கூடுதலாக ஆன நேரம் அந்தக் கட்டுமானத்துக்குரியது. முதல் வாக்கியத்தில் 'பீர்' என்ற சொல் வந்திருந்ததால்தான் வேகமோ என்ற ஐயத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஒருவருக்குப் பீர் மிகவும் பிடிக்கும் என்று முதல் வாக்கியத்தை மாற்றிப் பார்த்தனர். சொல் அப்படியே இருந்தும் தாமதம் நீங்கவில்லை. வாசகர் தேடுவது சொல்லை அல்ல, அந்தச் சொல் சுட்டும் பொருள் கதையில் இருக்கிறதா என்பதை.

பக்கத்து வாக்கியத்தில் இருப்பதைத் தேடுவது எளிது. பத்து வாக்கியத்துக்கு முன் போனதை? மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய கருத்துகள் மிகச் சில. வால்டர் கின்ட்சும் டியூன் வான் டைக்கும் 1978-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வாசகர் ஒவ்வொரு சுற்றிலும் முக்கியமான சிலவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீண்டகால நினைவுக்கு அனுப்பிவிடுகிறார். அனுப்பியது தொலைந்துபோவதில்லை என்பதை ஆல்பிரெக்ட், ஓ'பிரையன் இருவரின் 1993 ஆய்வு அழகாகக் காட்டுகிறது. கதையின் தொடக்கத்தில் மேரி கண்டிப்பான சைவ உணவுக்காரி என்று வருகிறது. பிறகு உணவகத்தைப் பற்றியும் தோழிக்காகக் காத்திருப்பதைப் பற்றியும் பல வாக்கியங்கள். அப்புறம் மேரி சீஸ்பர்கர் கேட்கிறாள். முன்வாக்கியத்தோடு ஒப்பிட்டால் இதில் ஒரு முரணும் இல்லை. இருந்தும் வாசகர்கள் அந்த இடத்தில் வேகம் குறைந்தனர். யாரும் திரும்பிப் புரட்டிப் பார்க்கவில்லை. தேட வேண்டும் என்று நினைக்கவுமில்லை. மேரி என்ற பெயரும் இறைச்சி என்ற செய்தியும் சேர்ந்து, மறைந்திருந்த பழைய செய்தியைத் தாமாகவே எழுப்பிவிட்டன.

இந்த இயல்பான எழுச்சி பனுவலுக்குள் படித்ததற்கும், வாழ்க்கையில் அறிந்ததற்கும் பொதுவானது. மேரி சைவம் என்பதைப் பல வாக்கியங்களுக்கு முன் கதை சொன்னது. பர்கரில் இறைச்சி இருக்கும் என்பதைக் கதை சொல்லவில்லை. இரண்டும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தால்தான் முரண் தெரியும். கின்ட்ச் பின்னாளில் இதையே விரித்து, வாசகர் மனத்தில் உருவாவதை அடுக்குகளாகப் பிரித்தார். சொற்கள் ஓர் அடுக்கு. அவை சொல்லும் கருத்துகளின் இணைப்பு அடுத்தது. அக்கருத்துகளும் வாசகரின் அறிவும் கலந்து எழும் நிகழ்வின் படம் மூன்றாவது. கேட்ட கேள்விக்குப் பனுவலில் உள்ள வரியையே எடுத்தெழுதிவிடும் மாணவரிடம் இரண்டாம் அடுக்கு இருக்கிறது. மூன்றாவது இருக்கிறதா என்பது அந்த விடையிலிருந்து தெரியாது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இந்தக் கேள்விகளுக்குக் கருத்துணர்தல் என்று பெயர். ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் கருத்துணர்தல் தனித்தாளாகவே இருந்தது. 2021-இல் தேர்வு நீக்கப்பட்ட பிறகும் வகுப்பறை மதிப்பீட்டில் அது தொடர்கிறது. ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் கூலாய் போன்ற ஊர் முன்னறிவின் பங்கை அருகிலிருந்து பார்க்கத் தோதான இடம். ரப்பர்த் தோட்டங்களையும் பின்னர் செம்பனைத் தோட்டங்களையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாமான் எனப்படும் வீடமைப்புக் குடியிருப்புகளில் வளர்கிறார்கள். பக்கத்தில் செனாய் விமான நிலையம், தொழிற்பேட்டைகள். செடெனாக்கில் தரவு மையங்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தால் மூன்று விதமான முன்னறிவும் அங்கே இருக்கும்.

கீழ்வரும் பத்தியைத் தலைப்பில்லாமல் படித்துப் பார்க்கலாம்.

"விடிவதற்கு முன் தொடங்குவது நல்லது. இரவில் மழை பெய்திருந்தால் காத்திருக்க வேண்டும். சில நாள் வேலையே இல்லாமல் போகும். முதலில் நேற்றைய மிச்சத்தை இழுத்தெடுத்துத் தனியே வைக்க வேண்டும். அதற்கும் விலை உண்டு. பிறகு பழைய கோட்டை ஒட்டியே மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பலன் குறையும். மிஞ்சினால் இழப்பு பல ஆண்டுக்கு. ஒன்று முடிந்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். எல்லாம் முடிந்தபின் சற்று ஓய்வு. அப்புறம் போன வரிசையிலேயே திரும்பி வந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்."

இதில் நான்காம் ஆண்டு மாணவருக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. வாக்கியங்களும் சிறியவை. ஆனாலும் பத்தி கைக்குள் அடங்காமல் நழுவுகிறது. தலைப்பு 'பால்மரம் வெட்டுதல்', அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தல், என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு வாக்கியமும் தன் இடத்தில் போய் உட்காரும். வெயில் ஏறினால் மரத்தின் நீர் குறைந்து பாலின் ஓட்டம் தளரும், ஆகவே விடியலுக்கு முன் வேலை. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து மழைநீரோடு வீணாகும், ஆகவே காத்திருத்தல். நேற்றைய மிச்சம் என்பது கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால். ஆழம் மிஞ்சினால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு காயப்பட்டு, புதுப்பட்டை சரியாக வளராது. திரும்பி வந்து சேர்ப்பது மங்கு எனும் கிண்ணங்களில் வடிந்திருக்கும் பாலை. தோட்டத்தில் வெட்டுக்குப் போன பாட்டிக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படாது; இரண்டாம் வாக்கியத்திலேயே தலைப்பைச் சொல்லிவிடுவார். குமரி மாவட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரும் அப்படித்தான். தாமானில் வளரும் பேத்தி, தமிழ் மொழியில் பாட்டியைவிட அதிக மதிப்பெண் வாங்கக்கூடியவள், இங்கே திணறுவாள்.

இந்தப் பத்தி 1972-இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் செய்த சோதனையின் மாதிரியில் இங்கு எழுதப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது துணி துவைத்தல். தலைப்பை முன்கூட்டிக் கேட்டவர்கள் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டதோடு, தலைப்புக் கேளாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு கருத்துகளை நினைவுகூர்ந்தனர். அதைவிட முக்கியமானது மூன்றாவது குழுவின் முடிவு. பத்தியைக் கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது அது ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. துணி துவைப்பது பற்றிய அறிவு மூன்று குழுவினருக்கும் சமமாகவே இருந்தது. அறிவு இருப்பது மட்டும் போதாது. படிக்கும் அந்த நேரத்தில் அது எழுந்து நிற்க வேண்டும். பாடத்தைத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசவைக்கும் ஆசிரியரின் பழக்கத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. பாடம் முடிந்தபின் கொடுக்கும் நீண்ட விளக்கம் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாவதில்லை.

முன்னறிவு எவ்வளவு உள்ளூர்த்தன்மை கொண்டது என்பதற்கு ஜொகூரின் நாட்காட்டியே சான்று. 2014 முதல் 2024 முடிய அந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாறியது. 'ஞாயிற்றுக்கிழமை காலை சீருடையோடு பேருந்துக்குக் காத்திருந்தான்' என்ற வாக்கியத்தை அந்தப் பதினோரு ஆண்டுகளில் கூலாய் மாணவர் ஒருவர் படித்திருந்தால் அதில் வியக்க ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் மாணவர் நின்று யோசிப்பார்: சிறப்பு வகுப்போ, போட்டியோ, பையன் நாளை மறந்துவிட்டானோ? எழுத்தாளர் வைக்காத புதிரை அவரே உண்டாக்கிக்கொண்டு விடை தேடுவார். இருவரின் வாசிப்புத் திறனிலும் குறையில்லை. பருவங்களும் இப்படித்தான். பூமத்தியரேகைக்கு வடக்கே இரண்டு பாகைக்குள் இருக்கும் ஊரில் வளர்பவருக்கு மார்கழிக் குளிர் என்பது கதைகளில் மட்டும் வரும் குளிர். தமிழகக் கதையில் ஒரு முதியவர் மார்கழி விடியலில் போர்வையில்லாமல் திண்ணையில் கிடக்கிறார் என்றால், அந்தக் குடும்பத்தைப் பற்றி அது சொல்லாமல் சொல்லும் செய்தி மதுரை வாசகருக்குச் சட்டென்று தைக்கும்; கூலாய் வாசகர் அதை வெறும் காட்சியாகக் கடந்துபோகக்கூடும்.

பண்பாட்டு அறிவு வாசிப்பைத் திருப்பிவிடுவதை இந்தியர்களையே வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூவரும் 1979-இல் வெளியிட்டது அது. இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரு கடிதங்களை இரு நாட்டவரும் படித்தனர். அவரவர் பண்பாட்டுக் கடிதத்தை அவரவர் விரைவாகப் படித்தார்கள், கூடுதலாகவும் நினைவில் வைத்தார்கள். பிழைகள்தான் இன்னும் சுவையானவை. அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண ஆடையை அணிந்திருந்தாள். அந்நாட்டில் அது பெருமைக்குரிய மரபு. இந்திய வாசகர் ஒருவர் அதை, ஆடை பழையதாகவும் நாகரிகம் போனதாகவும் இருந்தது என்று நினைவுகூர்ந்தார். கல்யாணத்துக்குப் புதுப்புடவை எடுக்காத வீட்டைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று தெரிந்த எவருக்கும் இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். மறுபக்கம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்யும் சீர் அமெரிக்கர் சிலரின் நினைவில் இருதரப்புப் பரிசுப் பரிமாற்றமாக மாறியிருந்தது. எவரும் படித்ததை மறந்து இட்டுக்கட்டவில்லை. அவரவர் அறிந்த திருமணத்துக்குள் பொருந்தும்படி படித்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிக் கதையொன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, திரும்பச் சொல்லவைத்த ஃபிரடெரிக் பார்ட்லெட் இதே போக்கை 1932-இலேயே தம் நூலில் பதிவு செய்திருந்தார்.

வாசிப்புத் திறன், பொருளறிவு ஆகிய இரண்டில் எது பெரிது என்ற கேள்விக்கு 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் கிட்டத்தட்ட நேரடியான விடை தந்தார்கள். அமெரிக்காவின் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேர், பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் விவரிப்பைப் படித்தனர்; பிறகு மாதிரித் திடலில் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தை நடத்திக் காட்டினர். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டம் தெரியாதவர்களைத் தாண்டிச் சென்றனர். ஆட்டம் தெரியாதபோது சிறந்த வாசிப்புத் திறன் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. பேஸ்பாலுக்குப் பதில் பூப்பந்தையோ செபாக் தக்ரோவையோ வைத்தால் கூலாயிலும் இதே விளைவை எதிர்பார்க்கலாம். கருத்துணர்தலை எந்தப் பகுதிக்கும் பொருந்தும் பொதுத்திறனாக நினைத்துப் பயிற்சித் தாள்களை அடுக்குவது, இந்த முடிவுக்கு முன் வலுவிழந்துபோகிறது. முக்கியக் கருத்தைக் கண்டுபிடிக்கும் உத்திகளைக் கற்பிப்பதில் பயன் உண்டு. ஆனால் அது விரைவில் தீர்ந்துவிடும் பயன். அறிவியல், வரலாறு, சுற்றுச்சூழல் என்று மாணவர் சேர்த்துக்கொள்ளும் செய்திகள்தாம் அடுத்த பகுதியைப் படிக்கும்போது எழுந்து வருபவை. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் கற்பிப்பது என்ற நெடுநாள் விவாதத்தில் இந்தக் கோணம் அதிகம் பேசப்படாதது வியப்புதான். தமிழில் அறிவியல் படிக்காத பிள்ளைக்குத் தமிழில் அறிவியல் கட்டுரையைப் புரிந்துகொள்ளும் கருவியும் குறைகிறது.

தமிழ் இலக்கிய மரபு முன்னறிவை நம்பியே கட்டப்பட்டது. சங்க அகப்பாடல்களில் பேசுபவரின் பெயர் வராது. நடந்தது என்ன என்ற முழுக்கதையும் வராது. முல்லைத்திணைப் பாடலில் மேகம் திரண்டது என்ற ஒரு செய்தி வந்தால் போதும். கார்காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற தலைவன், அவன் சொல்லை நம்பி ஆற்றியிருக்கும் தலைவி, தேற்றும் தோழி என்று மொத்தக் கதையையும் மரபறிந்த வாசகர் எழுப்பிக்கொள்வார். முதல், கரு, உரி என்ற தொல்காப்பியப் பாகுபாட்டை வாசகர் மனத்தில் இருக்க வேண்டிய முன்னறிவின் பட்டியலாகவும் படிக்கலாம். அந்த அறிவு பொதுச்சொத்தாக இல்லாமல் போன காலத்தில் கூற்றுக் குறிப்புகள் எவ்வளவு இன்றியமையாதவை ஆயின என்பது கவனிக்கத்தக்கது. இன்ன நிலையில் தோழி சொன்னது என்ற ஒற்றை வரி, பிரான்ஸ்ஃபோர்டின் தலைப்பு செய்த வேலையையே செய்கிறது. பாடலை நடத்திவிட்டுக் கூற்றைக் கடைசியில் சொல்லும் வகுப்பு, அந்தச் சோதனையின் மூன்றாம் குழுவைத் திரும்ப உருவாக்குகிறது.

பனுவலுக்குள்ளேயே முன்னதோடு பின்னது எப்படி இணைகிறது என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் ஒரு வகைப்பாடு இருக்கிறது. சூத்திரங்கள் இடையறாமல் தொடர்ந்து செல்வது ஆற்றொழுக்கு. ஒரு சூத்திரம் முன்னும் பின்னும் உள்ளவற்றோடு பொருள் கொள்வது அரிமாநோக்கம். நடுவில் சிலவற்றைத் தாண்டிப்போய் இணைவது தவளைப்பாய்த்து. தொலைவிலுள்ளதன்மேல் நேரே போய் விழுவது பருந்தின் வீழ்வு. இலக்கண நூலின் அமைப்பைப் பற்றிச் சொன்னவையானாலும், ஹாவிலண்டின் பக்கத்து வாக்கிய இணைப்பு முதல் பல வாக்கியம் தாண்டி எழும் மேரியின் சைவம் வரை இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. நூலின் உத்திகளிலும் 'உரைத்தாம் என்றல்' முன்னே சொன்னதற்கு வாசகரை அனுப்புகிறது. 'உரைத்தும் என்றல்' பின்னே வருவதற்குக் காத்திருக்கச் சொல்கிறது. 'உய்த்துணர வைப்பு' வெளிப்படச் சொல்லாததை அவரே ஊகிக்கும்படி விட்டுவிடுகிறது.

எவ்வளவு சொல்லலாம், எவ்வளவை விடலாம் என்பதில் நன்னூல் கறார். கூறியது கூறல் அதற்குக் குற்றம். ஆசிரியர் அருகிலிருந்து விரிக்கும் காலத்தில் அது சரி. தனியே அமர்ந்து படிக்கும் இன்றைய வாசகருக்கு? டேனியெல் மெக்னமாரா, கின்ட்ச் முதலியோரின் 1996 ஆய்வு இதற்கு இருமுனை விடை தருகிறது. பொருளறிவு குறைந்த மாணவர்களுக்கு, இணைப்புகளை வெளிப்படையாகச் சொல்லி, முன்பு சொன்னதை நினைவூட்டிச் செல்லும் நடை உதவியது. அறிவு மிக்கவர்களோ, ஆழமான கேள்விகளில், இணைப்புகள் விடுபட்ட நடையைப் படித்தபோதே மேலும் நன்றாக விடையளித்தனர். இடைவெளிகளைத் தாமே நிரப்ப வேண்டியிருந்ததால் அவர்களின் அறிவு வேலை செய்தது. எல்லோருக்கும் ஒரே பாடநூல் என்ற ஏற்பாட்டில் இந்த இரு சாராரில் ஒருவர் எப்போதும் இழக்கத்தான் செய்வார். தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை கூறியது கூறலைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நியாயம்.

முன்பு படித்தது உதவிக்கு மட்டும் வருவதில்லை, வேண்டாதபோதும் வருகிறது. ஓ'பிரையன் குழுவினர் 1998-இல் மேரியின் கதையை மாற்றி, அவள் முன்பு சைவமாக இருந்தவள், இப்போது எதையும் சாப்பிடுவாள் என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தனர். வாசகர்கள் பர்கர் வாக்கியத்தில் அப்போதும் சற்றுத் தயங்கினர். திருத்தம் பழையதை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் போய் நின்றது. ஹாலின் ஜான்சனும் கோலீன் சைஃபர்ட்டும் 1994-இல் செய்த சோதனை இதைச் செய்தி வாசிப்புக்குக் கொண்டுவந்தது. கிடங்கில் தீ என்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மின்கசிவு நேர்ந்த இடத்தின் அருகிலிருந்த அலமாரியில் எண்ணெய்ச் சாயமும் எரிவாயுக் கலன்களும் இருந்தன என்கிறது ஒரு செய்தி. அது தவறு, அலமாரி காலி என்று பின்னால் மறுப்பு வருகிறது. மறுப்பைப் படித்ததாகவும் நினைவிருப்பதாகவும் சொன்ன வாசகர்களே, புகை ஏன் அவ்வளவு கறுப்பு, வெடிப்பு எதனால் என்று கேட்டபோது சாயத்தையும் கலன்களையும் காரணமாகக் காட்டினர். கதையில் காரணத்துக்குரிய இடம் காலியாக இருப்பதைவிட, தவறான காரணமாவது இருக்கட்டும் என்று மனம் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேறிடத்தில் தீ வைப்பதற்கான பொருள்கள் கண்டெடுக்கப்பட்டன என்று மாற்றுக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னபோது பழைய விளக்கத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. 'முன்பு வெளியான தகவல் தவறு' என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்ளும் திருத்தக் குறிப்பு இந்த வகையில் பாதி வேலையைத்தான் செய்கிறது. உண்மையில் நடந்தது என்ன என்ற செய்தி அதோடு வந்தாலொழிய, வாசகர் அடுத்த நாள் செய்தியையும் பழைய காரணத்தோடு சேர்த்தே படிப்பார்.